ஒருபுறக் கூர்: யப்பானியக் கத்தியைத் தெரியும் முறை

தச்சன் கையிலுள்ள உளியைக் கூர்ந்து நோக்கினால், அதன் ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் மட்டும் சாய்வாகவும் தீட்டப்பட்டிருத்தலைக் காணலாம். யப்பானியச் சமையற் கலைஞர் கைக்கொள்ளும் கத்திகளிற் பல இவ்வுளியின் இனத்தைச் சேர்ந்தவை. நாம் நாள்தோறும் கையாளும் கத்தியோ பெரும்பாலும் இருபுறமும் சாய்வுடையது. யப்பான் சென்று மீள்வோர் அந்நாட்டுக் கத்தியை வாங்கி வருவதும், உறவினர்க்குப் பரிசாக அளிப்பதும் உண்டு. தெரிவிலே தவறின் அவ்வரிய பொருள் பெட்டிக்குள் துருவேறிக் கிடக்கும். அன்றிச் சாணைக்காரன் கையிற் பாழாகும். ஆதலின் அதனைத் தெரியும் முறைபற்றி இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

ஒரு கத்தியை இருபுறமும் 15 பாகைச் சாய்விலே தீட்டினால் அதன் கூர்க்கோணம் 30 பாகையாகும். ஒருபுறம் மட்டும் தீட்டினால் 15 பாகையே. கோணம் குறையக் கூர்மை மிகும். இக்கத்தியின் பின்புறம் முற்றும் தட்டையன்று. நடுவே மெல்லிய குழிவு உண்டு. அதனை யப்பானியர் 'உரசுகி' என்பர். குழிவு இருத்தலால் மீன்தசை அலகில் ஒட்டுவது குறைகிறது. தீட்டும்போது கல்லிற் படும் பரப்பும் சுருங்குகிறது. எனினும், தடித்த பொருளினுள் இக்கத்தி நேரே இறங்காது. பின்புறமாகச் சற்றே ஒதுங்கும். பழகாத கைக்குத் துண்டம் கோணலாகவே வரும்.

எனவே, முதலில் நாம் வினவவேண்டியது கத்தியின் விலையன்று. அது செய்யவேண்டிய வேலை யாது என்பதே. இவ்வினத்திலே தலையாயவை மூன்று. 'தெபா' என்பது தடித்த முதுகுடையது. மீனின் தலையைக் கொய்யவும் தசையை முள்ளினின்றும் பிரிக்கவும் உதவுவது. 'யனகிபா' வில்லோ மரத்தின் இலைபோல் நீண்டு மெலிந்தது. பச்சை மீனை ஒரே இழுப்பில் அரிதற்கென்றே அதற்கு 240 முதல் 330 மில்லிமீற்றர் வரை நீளம் அமைந்தது. முன்னும் பின்னும் அறுத்தால் மீனின் வெட்டுமுகம் சிதைந்துவிடும். 'உசுபா' காய்கறிக்குரியது. முள்ளங்கியைச் சுழற்றித் தாள்போல் மெல்லிய ஒரே சுருளாகச் சீவுவதற்கு இதனையே கொள்வர். மூன்றினுள்ளும் கையாளவும் தீட்டவும் கடினமானது இது. முழுமீன் வாங்கி வீட்டிலே துப்புரவாக்குவோர்க்கு 165 அல்லது 180 மில்லிமீற்றர்த் தெபா போதுமானது.

அடுத்து நோக்கவேண்டியது கை. கடைகளிற் பொதுவாகக் கிடைப்பவை வலக்கையர்க்கு உரியன. சாய்வு வலப்புறத்தே அமைந்திருக்கும். இடக்கைப் பழக்கமுடைய மகனுக்கோ மகளுக்கோ அதனைப் பரிசளித்தால், குறை பிள்ளையின் கையிலே இருப்பதாகவே வீட்டார் எண்ணுவர். இடக்கையர்க்கெனச் செய்த கத்தி வேறு உண்டு. விலை சற்றுக் கூடினும் அதனையே கேட்டு வாங்குதல் வேண்டும்.

மூன்றாவது, உருக்கு. சிமானே மாகாணத்து யசுகி என்னும் ஊரின் பெயரால் வழங்கும் உருக்குகளில் 'வெள்ளைத்தாள்', 'நீலத்தாள்' என்பன பெயர்பெற்றவை. இவை தாளின் நிறத்தால் வந்த பெயர்களேயன்றி உருக்கின் நிறமல்ல. வெள்ளைத்தாள் கலப்புக் குறைந்த கரியுருக்கு, தீட்டுதல் எளிது. நீலத்தாளிலே தங்ஸ்தனும் குரோமியமும் சேர்தலால் கூர் நெடிது நிற்கும். இரண்டுமே ஈரம் பட்டால் துருவேறும். வெட்டியவுடன் கழுவித் துடைத்தல் கட்டாயம். மெல்லிரும்போடு வல்லுருக்கை இணைத்தடித்த 'கசுமி' வகை புதியவர்க்கு ஏற்றது. முழுவதும் வல்லுருக்காலான 'ஹொன்யாக்கி' விலையிலும் மிக்கது. எளிதிற் கூர் உடையக்கூடியதும் ஆகும்.

ஒசாக்காவை அடுத்த சக்காய் நகரம் இக்கத்திகளுக்குப் பேர்போனது. போர்த்துக்கேயர் வழியே புகையிலை யப்பானுக்கு வந்தபின், அதனை அரியும் கத்தி செய்து அந்நகரத்துக் கொல்லர் பெயரெடுத்தனர். 1982ஆம் ஆண்டில் அரசு அவர்தம் தொழிலை மரபுக் கைத்தொழிலென அறிவித்தது. அங்கே அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் வேறொருவர், பிடி பூட்டுபவர் மற்றொருவர். கத்தியைக் கண்ணெதிரே நீட்டிப் பிடித்து, அலகு வளையாதிருத்தலையும், சாய்வு தொடங்கும் கோடு ஒழுங்காக ஓடுதலையும், பின்புறக் குழிவு சீராயிருத்தலையும் பார்த்தால் அவர்தம் வேலையின் தரம் விளங்கும்.

இறுதியாக, தீட்டுங் கல். சுழலும் சாணையும், இருபுறமும் ஒருங்கே உராயும் சிறு கருவியும் இக்கத்திக்குக் கூற்றுவனாம். பின்புறக் குழிவு தேய்ந்தழிந்தால் கத்தியின் இயல்பே கெட்டுவிடும். நீரில் நனைத்த கல்லிலே சாய்வு முழுவதும் படியத் தீட்டிப் பின், மறுபுறத்தைத் தட்டையாக வைத்து இரண்டொரு முறை மெல்ல இழுத்துப் பிசிறு நீக்கவேண்டும். 1000 இலக்கக் கல்லொன்றை முன்னர் வாங்கி, வீட்டிலுள்ள பழங்கத்தியிலே கை பழகுக. அதற்குப் பொறுமையில்லாதார் 'சந்தொக்கு' என்னும் இருபுறக் கூர்க் கத்தியை வாங்குதலே நன்று. யப்பானிய இல்லங்களிலும் அன்றாடச் சமையலுக்குப் பெரிதும் பயன்படுவது அதுவே. கல்லைக் கையாளக் கற்றவர்க்கோ ஒருபுறக் கூர்க் கத்தி நெடுங்காலம் உழைக்கும்.