எண்ணெய் விலைக்கும் ஒரு பொது விசாரணை

கடற்றொழிலாளர், தோட்டக்காரர், ஓட்டோ ஓட்டுநர், கூட்டுறவாளர் ஆகிய நாம் யாழ்ப்பாணத்தில் கூடி இதைப் பிரகடனம் செய்கிறோம்.

2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே அடியாக 340 ரூபாவுக்கு ஏறியது. படகுக்கு இயந்திரம் கொழுவித் தொழில் செய்யும் குருநகர், மயிலிட்டிக் குடும்பங்களும், கிணற்றில் பம்ப் வைத்து வெங்காயத்துக்கு இறைக்கும் தோட்டக்காரரும் அந்தச் சுமையைத் தாங்கினர். மானியம் என்றென்றைக்கும் வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இதைச் செய்ததையே ஏற்க மறுக்கிறோம்.

மின்கட்டணத்தைக் கூட்டுவதென்றால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் முன் கணக்கு வைக்கவேண்டும். மக்களும் எழுந்து பேசலாம். எரிபொருள் விலையோ மாத முடிவில் இரவுச் செய்தியாக வருகிறது. இறக்குமதிச் செலவு எவ்வளவு, வரி எவ்வளவு, இலாபம் எவ்வளவு என்று விசாரிக்கச் சுயாதீனமான நடுவர் இல்லை.

போட்டி வந்துவிட்டதே என்பார்கள். 1961 சட்டத்தால் பிறந்த பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்குப் பக்கத்தில் 2003இல் லங்கா ஐ.ஓ.சி. வந்தது, 2023இல் சினோபெக் வந்தது. ஷெட்டின் நிறம் மாறியது. ஆனால் கூட்டுத்தாபனம் சொல்லும் விலையைத்தான் மற்றவர்களும் பெரும்பாலும் பின்தொடர்கிறார்கள். முதன்மைக் களஞ்சியங்களை நடத்தும் நிறுவனத்தில் மூன்றில் இரண்டு பங்கு கூட்டுத்தாபனத்துக்கு, மீதி ஐ.ஓ.சி.க்கு. புதிதாக வருபவர் போட்டியாளரின் தாங்கிக்கே வாடகை கட்டவேண்டிய சந்தையில், அந்த வாடகையையாவது பொது அமைப்பொன்று தீர்மானிக்கவேண்டும்.

1990களின் பொருளாதாரத் தடையில், சொட்டுப் பெற்றோலால் மோட்டார் சைக்கிளை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாம். வழங்கல் அறுந்தால் என்ன நடக்குமென்று எங்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. குறிகாட்டுவானிலிருந்து கடல் கடந்து நெடுந்தீவுக்கு எண்ணெய் கொண்டுபோவதில் பெரிய இலாபமில்லை. ஆகவே தீவுகளுக்கு வழங்குவது ஒவ்வொரு விநியோக உரிமத்திலும் கட்டாய நிபந்தனையாகட்டும். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் ஷெட்டுகளுக்குத் தனியாருக்குச் சமமான பங்கீடு கிடைக்கட்டும்.

எரிபொருளை ஆணைக்குழுவின் முழு அதிகாரத்துக்குள் கொண்டுவரும் சட்டமே எங்கள் முதற் கோரிக்கை. மண்ணெண்ணெய் விலையைக் கூட்டுமுன் யாழ்ப்பாணத்திலும் பொது விசாரணை நடக்கவேண்டும். எந்த எண்ணெய் நிறுவனத்திடமும் இந்த இயக்கம் ஒரு சதம் வாங்காது. இந்தக் கோரிக்கைக்கு இறங்குதுறைகளிலும் சந்தைகளிலும் கையொப்பம் சேர்த்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்புவோம், பருத்தித்துறையில் தொடங்குகிறோம்.