பேஸ் வாசிக்கிற பையனுக்கு இடம் எங்கே?

வரதராஜன்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அலங்கார அன்னை ஆலயத் திருவிழாவுக்கு அவர் மகனும் நண்பர்கள் மூவரும் பாட்டு தயார் செய்கிறார்களாம். கீபோர்டு, கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ். "தனித்தனியா நல்லாத்தான் வாசிக்கிறாங்க. சேர்ந்து வாசிச்சா பாடுற பிள்ளைங்க குரலே கேக்கலை. பெரிய ஸ்பீக்கர் வாங்கணும்னு முந்திரி வித்த காசைக் கேக்குறான். பேஸ் வாசிக்கிற பையன், என் சத்தம் யாருக்கும் கேக்கலை, இனிமே வரமாட்டேன்னுட்டான். காசு குடுக்கலாமா?"

குடுக்காதீங்கம்மா. ஸ்பீக்கரைப் பெரிதாக்கினால் இரைச்சலும் பெரிதாகும், அவ்வளவுதான். ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் போதும்.

நம் சினிமா இசைக்குழுவில் ரிதம் செக்‌ஷன் என்றால் தபலா, டோலக், டிரம்ஸ் என்று தாளக்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஜாஸ் இசைக்காரர்கள் பியானோ, கிட்டார், பேஸ், டிரம்ஸ் நான்கையும் சேர்த்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள். உங்கள் பையன்களும் அதே நாலு பேர். இந்த நாலு பேருக்கும் எழுதும்போது, யார் எப்போது வாசிக்கக்கூடாது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

கவுன்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் ஃப்ரெடி கிரீன் என்றொரு கிட்டார்காரர். 1937-ல் சேர்ந்தவர், 1987-ல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். தனி ஆவர்த்தனம் செய்வது அபூர்வம். தாளத்துக்கு நாலு தட்டு, அதுவும் மெதுவாக. பேஸி பியானோவில் கை வைப்பதே எண்ணி எண்ணித்தான். அதனால்தான் பேஸ் வாசித்த வால்டர் பேஜின் ஒவ்வொரு சுரமும் காதில் விழுந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் இளைய நிலா பாட்டைப் பையன்களோடு உட்கார்ந்து இன்னொரு தடவை கேளுங்கள். மேலே கிட்டார் நரம்பு நரம்பாகத் தெறித்துக்கொண்டே போகும். கீழே பேஸ் தனக்கென்று ஒரு மெட்டை வைத்துக்கொண்டு நடக்கும். ஒன்றின் காலை இன்னொன்று மிதிக்காது. இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் காகிதத்தில் எழுதிக் கொடுப்பவர். அவர் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனின் கைவரிசை இன்றைக்கும் தனியாகக் கேட்கிறதென்றால், அதற்கு வழிவிட்டு எழுதியதும் ஒரு காரணம்.

இப்போது உங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். பேஸ் பையன் சொன்னதாக நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒரு சந்தேகம். கீபோர்டில் 'ஸ்டைல்' ஓடுகிறதா என்று பாருங்கள். அந்த ஒரு பட்டனுக்குள்ளேயே ஒரு டிரம்ஸ், ஒரு பேஸ், சிலதில் ஒரு கிட்டாரும் ஒளிந்திருக்கும். பையன் வாசிப்பதற்கு முன்னாலேயே அவன் நாற்காலியில் இயந்திரம் உட்கார்ந்துவிடுகிறது. பாவம், அவன் கோபப்படாமல் என்ன செய்வான்! அதை அணைத்துவிடச் சொல்லுங்கள். பாடுகிறவர்கள் மூச்சு வாங்க ஒரு நொடி எடுத்தாலும் மனுஷன் காத்திருப்பான், மெஷின் காத்திருக்காது.

அடுத்தது கீபோர்டு பையனின் இடது கை. கீழ் ஸ்தாயியில் அவனும் அழுத்தினால் பேஸோடு கலந்து 'கும்'மென்று ஒரே மூட்டம்தான். கீழ்ப் பகுதி பேஸுக்கே என்று எழுதி வையுங்கள். கீபோர்டு நடுவில் மூன்று சுரம் பிடித்தால் போதும், அதையும் நீட்டிப் பிடிக்கட்டும். அது நீளும்போது கிட்டார் வெட்டி வெட்டி வாசிக்கலாம். இரண்டு பேரும் ஒரே மாதிரி தட்டினால் ஒருவர் வீண்.

நோட்டில் பாட்டு வரிக்கு மேலே கார்டு பெயர், அதன் கீழே தட்டுக்கு ஒரு சாய்கோடு. நாலு பேரும் சேர்ந்து 'டக்'கென்று நிறுத்தும் இடத்தை மட்டும் சுரத்தோடு முழுசாக எழுதினால் போதும், மற்றதை அவரவர் கைக்கு விட்டுவிடலாம். பாட்டு ஆறு எண்ணிக்கையில் போனால் ஒன்றிலும் நாலிலும் டிரம்ஸ் பையனின் கால் விழட்டும், பேஸும் அதே இடத்தில் விழட்டும். இந்த இருவரையும் பத்து நிமிஷம் தனியாக உட்கார்த்தி வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். வரி முடிகிற இடமெல்லாம் ரோல் போடுவது டிரம்ஸ்காரர்களுக்குப் பிறவிக்குணம். பல்லவிக்குத் திரும்பும்போது மட்டும் ஒன்று என்று பேசிக்கொள்ளலாம்.

முதல் சரணத்தில் பாடுகிறவர்களோடு பேஸும் கீபோர்டும் மட்டும் போகட்டும். கிட்டாரும் டிரம்ஸும் இரண்டாவது சரணத்தில் வந்தால் போதும். பேஸ் பையனை நாளைக்குச் சாயங்காலமே கூப்பிட்டு அனுப்புங்கள்.