கேஸ் டிரபிள்னு மாத்திரையிலேயே நாள் கடத்துறீங்களா? ஒளிந்து வளரும் ‘முத்திரை மோதிர’ வயிற்றுப் புற்றுநோய்... கண்டுபிடிப்பது எப்படி?

சாப்பிட்டதும் வயிறு உப்புசம், நெஞ்சு கரிப்பு. மெடிக்கல் ஷாப்பில் ரெண்டு கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவோம். கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு போன்ற மலையடிவார ஊர்களில், பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஒருநாள் கூலி போய்விடும். அதனால் இந்த மாத்திரை வைத்தியம் மாதக்கணக்கில் நீள்வதும் உண்டு.

பெரும்பாலும் அது சாதாரண அசிடிட்டிதான். ஆனால் எப்போது சந்தேகப்பட வேண்டும்?

முகாம்ல நார்மல்னு சொன்னாங்களே?

தமிழ்நாடு அரசின் புற்றுநோய் பரிசோதனைத் திட்டம் 2023-ல் ஈரோடு, ராணிப்பேட்டை உள்ளிட்ட 4 மாவட்டங்களில் தொடங்கி, பிற மாவட்டங்களுக்கும் விரிவடைந்தது. அதில் பார்க்கப்படுவது வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்கள். வயிற்றுப் புற்றுநோய் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் முகாமில் ‘நார்மல்’ என்றால் வயிறும் நார்மல் என்று அர்த்தமில்லை. இங்கே அறிகுறிதான் முதல் எச்சரிக்கை.

அது என்ன முத்திரை மோதிரம்?

வயிற்றுப் புற்றுநோயில் ஒரு வகை ‘சிக்னெட் ரிங் செல் அடினோகார்சினோமா’. புற்றுசெல்லுக்குள் சளி போன்ற திரவம் நிரம்பி, உட்கருவை ஓரமாகத் தள்ளிவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் முத்திரை மோதிரம் மாதிரி தெரியும். மற்ற வயிற்றுப் புற்றுநோய்களை விட இளம் வயதினரிடமும் பெண்களிடமும் இது அதிகம் காணப்படுகிறது.

ஏன் சிக்குவதில்லை?

இந்த செல்கள் எப்போதும் ஒரே இடத்தில் கட்டியாகத் திரள்வதில்லை. வயிற்றின் உள்சுவருக்கு அடியில் தனித்தனியாகப் பரவும். மேலே பார்த்தால் சாதாரண புண் போலவோ, ஒன்றுமே இல்லாதது போலவோ இருக்கலாம். முற்றும்போது வயிற்றுச் சுவரே தோல்பை போல விறைத்துவிடும். அசிடிட்டி மாத்திரையால் வலி அடங்கலாம், புண்கூட ஆறியது போலத் தெரியலாம். நோய் போயிருக்காது!

இந்த அறிகுறி இருந்தால் தள்ளிப்போடாதீங்க

- காரணமில்லாமல் எடை குறைவது
- கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது
- விழுங்கச் சிரமம், அடிக்கடி வாந்தி
- மலம் கறுப்பாகப் போவது, ரத்தசோகை
- குடும்பத்தில் யாருக்காவது வயிற்றுப் புற்றுநோய் இருந்திருப்பது

எப்படி உறுதி செய்வார்கள்?

முதல் படி எண்டோஸ்கோப்பி. வெறும் வயிற்றில், சில நிமிடங்களில் முடிந்துவிடும். சந்தேகமான இடத்தில் 6 முதல் 8 சதைத் துணுக்குகள் எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள். முதல் பயாப்சியில் ஒன்றும் இல்லை என்று வந்தும் அறிகுறி தொடர்ந்தால், மறுபடி ஆழமாக எடுக்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாம். அடுத்து சி.டி. ஸ்கேன். பெட் ஸ்கேனில் இந்த வகை சரியாகத் தெரியாமல் போகலாம் என்பதால், வயிற்று உறையில் பரவியிருக்கிறதா என்று லேப்ராஸ்கோப்பி மூலம் நேரடியாகவும் பார்ப்பார்கள்.

சிகிச்சை என்ன?

மிக ஆரம்பத்தில், தகுதியான சிலருக்கு எண்டோஸ்கோப்பி மூலமே அகற்றிவிடலாம். பரவாத நிலையில் பலருக்கும் முதலில் கீமோதெரபி, பிறகு வயிற்றின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ நிணநீர்க் கட்டிகளுடன் அகற்றும் ஆபரேஷன், அதன்பின் மீண்டும் கீமோ. முழு வயிற்றையும் எடுத்தாலும் சாப்பிட முடியும். கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறை சாப்பிட வேண்டும். வைட்டமின் பி12 ஆயுள் முழுக்கத் தேவை. பரவிய நிலையில் ஹெர்2, கிளாடின் 18.2 போன்ற சோதனைகளை வைத்து மருந்தைத் தேர்வு செய்வார்கள்.

தேனிக்காரங்க எங்கே போவது?

உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அறிகுறிகளைச் சொல்லி, பரிந்துரைச் சீட்டு கேளுங்கள். கடமலைக்குண்டிலிருந்து தேனி போகும் வழியில், க.விலக்கில்தான் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மேல்சிகிச்சைக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். காப்பீட்டு அட்டையை இப்போதே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

மாத்திரை போட்டும் 2 வாரத்துக்கு மேல் தொந்தரவு தொடர்ந்தால், அடுத்த அட்டையை வாங்காமல் மருத்துவரைப் பாருங்கள். மேலே சொன்ன அறிகுறி ஏதாவது இருந்தால் 2 வாரம்கூட காத்திருக்க வேண்டாம். ஒருநாள் கூலி போகும்தான். ஆனால் இந்த நோயில் தாமதத்துக்குத் தரும் விலை அதைவிடப் பெரிது.