உதைக்கிற மாடு: குற்றம் மாட்டிலா, கட்டுத்தறியிலா?

“இரண்டாம் ஈத்து கலப்பினப் பசு வைத்திருக்கிறோம். முன்பு முந்திரித் தோப்பு, ஏரிக்கரை என்று மேய்ந்து வந்தது. ஓட்டிப் போக ஆளில்லாததால் மூன்று மாதமாக வீட்டோரம் கட்டியே தீனி போடுகிறோம். வைக்கோலோடு கஞ்சியும், மண்டபத்தில் மீந்த சோறும் கொடுக்கிறோம். இப்போது நாக்கைச் சுழற்றுகிறது, சுவரை நக்குகிறது, கொடியில் காயும் துணியை மெல்லுகிறது. கறக்கப் போனால் உதைக்கிறது. போன வாரம் மாமியாரை முட்டித் தள்ளிவிட்டது. விற்றுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். மரக்காணம் உப்பளத்து உப்பு வைத்தால் சரியாகும் என்கிறார்கள் பக்கத்தில். என்ன செய்யலாம்?”
- வாசகி, இடையஞ்சாவடி, விழுப்புரம் மாவட்டம்.

விற்பதற்கு முன் மூன்று காரணங்களைப் பார்த்துவிட வேண்டும்: வலி, தீனி, கட்டு.

முதலில் வலி. மடிநோய், காம்பில் வெடிப்பு, குளம்பில் புண் இருந்தால் சாதுவான பசுவும் உதைக்கும். கால்நடை மருத்துவரிடம் காட்டி இவை இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். திடீரென்று மூர்க்கம், ஓயாத கத்தல், வாயில் எச்சில் ஒழுகுதல், விழுங்க முடியாமை ஆகியவை சேர்ந்து வந்தால் வெறிநோயாகவும் இருக்கலாம். அப்போது வாய்க்குள் கைவிடக் கூடாது. பிள்ளைகளை அருகில் விடாமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

அடுத்தது தீனி. மாட்டின் முதல் வயிற்றில் நார்த்தீனியைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மாடு நாளில் 6 முதல் 8 மணி நேரம் அசைபோடுகிறது. அப்போது ஊறும் உமிழ்நீர்தான் வயிற்றின் புளிப்பை முறிக்கிறது. பெரிய கறவை மாட்டுக்கு இது நாளொன்றுக்கு 100 லிட்டரைத் தாண்டும். சோறும் கஞ்சியும் மெல்லாமலே இறங்கி, வேகமாகப் புளித்து, அமிலமாகின்றன. அசைபோடுவதும் உமிழ்நீரும் குறைகின்றன. மாடு பல்லைக் கடிக்கும், சாணம் இளகிப் புளிப்பு வாடை அடிக்கும், நாளடைவில் குளம்பும் வலிக்கும். பொங்கல் நாட்களில் மீந்த பொங்கலைத் தின்று மாடுகள் வயிறு உப்பிச் சாய்வதற்கும் இந்த அமிலநோய்தான் காரணம். அசைபோட வேண்டிய வாய்க்கு வேலை இல்லாதபோது, மாடு நாக்கைச் சுழற்றியே பொழுதைக் கழிக்கிறது.

சுவரை நக்குவதும் துணி மெல்லுவதும் பெரும்பாலும் தாது உப்புக் குறைவால் வருபவை. முக்கியமாகப் பாஸ்பரஸ் குறைவு. வைக்கோலில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தையும் சேரவிடாது. குடற்புழு இருந்தாலும் இப்படிச் செய்யும். உப்பளத்து உப்பு மாட்டுக்குத் தேவைதான், நாளொன்றுக்கு சுமார் 30 கிராம். ஆனால் அதில் பாஸ்பரஸ் கிடையாது. உப்போடு தாது உப்புக் கலவையும் தினம் 30 முதல் 50 கிராம் தீவனத்தில் கலந்து கொடுக்க வேண்டும். சாணப் பரிசோதனை செய்து புழுவுக்கு மருந்து கொடுக்கலாம். துணியும் பிளாஸ்டிக்கும் வயிற்றில் தங்கினால் அறுவை சிகிச்சை வரை போகும் என்பதால் கொடியை உடனே இடம் மாற்றுங்கள்.

மூன்றாவது, கட்டு. சங்கிலியில் நிற்கும் கோயில் யானை ஓயாமல் தலையை ஆட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஆசீர்வாதமும் அல்ல, ஆட்டமும் அல்ல, மன அழுத்தத்தின் அடையாளம். கோயில் யானைகளுக்கு 2003-ல் முதுமலையிலும், பிறகு மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியிலும் அரசு நடத்திய நலவாழ்வு முகாம்களில் தினசரி நடையும் பசுந்தீவனமும்தான் முக்கியம். சுவீடன் நாட்டில் கறவை மாடுகளைக் கோடையில் மேய்ச்சலுக்கு விட வேண்டும் என்று 1988-லேயே சட்டம் போட்டார்கள். ஒரே முளைக்குச்சியில் நாள் முழுக்க நிற்கும் பசுவுக்குக் குளம்பு தேயாமல் வளரும், சினைப்பருவம் வந்தாலும் கண்ணில் படாது, அடக்கி வைத்த வேகம் முட்டலாக வெளிப்படும்.

செய்ய வேண்டியவை:

* சோறு, கஞ்சியை அடியோடு நிறுத்துங்கள். இப்போது அதிகம் கொடுத்து வந்தால் 10 நாளில் படிப்படியாகக் குறைத்து, பசுந்தீவனத்தைக் கூட்டுங்கள்.
* கம்பு நேப்பியர், வேலிமசால், அகத்தி, கிளிரிசிடியா என எல்லாம் சேர்த்து 15 முதல் 20 கிலோ பசுந்தீவனம், 4 முதல் 5 கிலோ வைக்கோல். வைக்கோலை எந்நேரமும் மெல்லக் கிடைக்கும்படி வையுங்கள்.
* அடர்தீவனம் 2.5 லிட்டர் பாலுக்கு 1 கிலோ கணக்கில், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து.
* காலை, மாலை வெயில் தாழ்ந்தபின் ஒரு மணி நேரம் நடத்துங்கள். ஆளில்லை என்றால், கிளுவை வேலி கட்டிய சிறு இடத்தில் அவிழ்த்து விடலாம். அதுவும் முடியாதென்றால் நீளக் கயிற்றில் நிழலில் கட்டி, தினம் இடம் மாற்றுங்கள்.
* பல நாள் கட்டியிருந்த மாடு அவிழ்த்ததும் துள்ளி ஓடும். முதல் வாரம் பெரியவர் ஒருவர் கயிற்றைப் பிடித்திருக்கட்டும்.
* உதைத்ததற்காக அடிக்காதீர்கள். தினம் ஒரே ஆள், ஒரே நேரத்தில், மடியைத் தடவிக்கொடுத்துக் கறக்கட்டும்.

மாடு தப்பித்தவறி நிறையச் சோறு தின்றுவிட்டு அசைபோடாமல் சோர்ந்து நின்றால், கைவைத்தியத்தில் நேரம் கடத்தாமல் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழையுங்கள்.

நாக்குச் சுழற்றல் பழகிவிட்டிருந்தால் முழுதாக நிற்க நாளாகும். உதையும் முட்டலும் சில வாரங்களில் தணிகிறதா என்று பாருங்கள். உதைகால் மாடு என்று பெயர் வாங்கிய பசுவைச் சந்தையில் பாதி விலைக்குத்தான் கேட்பார்கள். அந்தக் காசில் வாங்கி வரும் அடுத்த மாட்டையும் அதே முளையில் கட்டி, அதே சோற்றைப் போட்டால், அதுவும் ஒருநாள் காலைத் தூக்கத்தான் செய்யும்.