பாட்டு சரி, ஜெராக்ஸ்?

போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்காக ஒரு பாட்டுப் புத்தகத்தை ஆபீஸ் மெஷினில் 40 காப்பி ஜெராக்ஸ் எடுத்தேன். (பேப்பரும் ஆபீஸுடையதுதான். அந்தப் பாவத்துக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.) ரிகர்சலில் விநியோகித்தபோது, பின் பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர், "தம்பி, இது நான் எழுதின புத்தகம்லா? வீட்டுல அட்டைப்பெட்டியோட அப்படியே கிடக்கு" என்றார். கோபப்படாமல் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஆராதனையில பாடினா தப்பில்லைங்களே ஐயா" என்று சமாளித்தேன். பாதி நிஜம். 1957-ம் வருஷத்துக் காப்பிரைட் சட்டத்தின் 52-வது பிரிவு, மதச் சடங்கில் பாடுவதற்கு விலக்குத் தருகிறது. கல்யாண ஊர்வலத்துக்கும் உண்டு. ஆனால் பாடத்தான்! புத்தகத்தைக் காப்பி அடிக்க இல்லை. பாடியதைப் படம் பிடித்து யூடியூபில் ஏற்றுவதும் வேறு சமாசாரம்.

தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனை என்றால் கவலையே இல்லை. 1864-ல் காலமானவர். இங்கே உரிமை, எழுதியவர் போனபின் 60 வருஷம்தான். நம்மவரோ எதிரே உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்!

மறுநாள் ஆபீஸ் விட்டதும் அவர் வீட்டுக்குப் போய் 40 புத்தகம் கேட்டேன். 38-தான் இருந்தது. காசை இரண்டு தரம் எண்ணி வாங்கிக்கொண்டு சொன்னார்:

"மிச்சம் ரெண்டு பேருக்கு ஜெராக்ஸ் எடுத்துக்கோ தம்பி. நான்தான் சொல்லுதேனே!"