ஓய்வெடுக்கும் லாரியும் ஓயாத பேட்டரியும்

கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் அரவைப் பருவம் முடிந்து, வடக்கனந்தல் வட்டாரத்தில் கரும்பு சுமந்த லாரிகள் மாதக்கணக்கில் மரத்தடியில் ஓய்வெடுக்கும்போது, அவற்றின் பேட்டரிகளுக்கு மட்டும் ஓய்வில்லை. சார்ஜ் தானாகவே இறங்க, ஈயத் தகடுகளின்மேல் சல்பேட் படிந்து இறுகி, அவற்றின் ஜீவசக்தியைச் சிறிது சிறிதாகக் குடித்துவிடுகிறது. வெயில் மிகுந்த நம் பிரதேசத்தில் இந்த நாசம் இன்னும் துரிதமாகும்.

ஆகவே, பேட்டரி செத்தபின் மெக்கானிக்கைத் தேடி ஓடுவதைக் காட்டிலும், மாதம் ஒருமுறை அதைப் பரீட்சித்துப் பார்ப்பதே விவேகம் என்பது என் திடமான அபிப்பிராயம். எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால், முழு சார்ஜ் உள்ள 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.4-க்குக் கீழே இறங்கினால் தாமதமின்றி சார்ஜ் ஏற்றுவது அவசியம். மூடி திறக்கும் வகையானால், ஆறு அறைகளையும் ஹைட்ரோமீட்டரால் தனித்தனியே சோதிக்கலாம். ஒன்று மட்டும் வெகுவாகத் தாழ்ந்திருந்தால் குற்றம் அங்கேதான். கனரக லாரிகளில் 24 வோல்ட்டுக்காக இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்திருப்பதால், நலிந்த ஒன்று மற்றதையும் கெடுத்துவிடும். குறைந்த நீருக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றுவதோ பெருந்தவறு. டிஸ்டில்டு வாட்டர் ஒன்றே உசிதம்.

லாரியை நிறுத்தி வைத்திருக்கும் அன்பர்கள், இன்றே நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைக்க வேண்டுகிறேன்.