வண்டியும் வருவாயும்

மன்னார்த் தீவின் வீதிகளிலே இற்றைநாளில் உயர்ந்த உடலும் அகன்ற சக்கரங்களும் உடைய மோட்டார் வண்டிகள் பல ஓடக் காண்கின்றோம். ‘எஸ்.யூ.வி.’ என்பது அவற்றின் பெயர். நம்மூரவர் ‘ஜீப்’ என்று எளிதாக வழங்குவர். அவற்றுள்ளும், பெற்றோலையும் மின்விசையையும் ஒருங்கே துணைக்கொண்டு இயங்கும் ‘ஹைபிரிட்’ வண்டியே பலருடைய உள்ளத்தைக் கவர்ந்து நிற்கின்றது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் தடைப்பட்டுக் கிடந்த வாகன இறக்குமதி, 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் தனியார் வண்டிகளுக்கும் திறந்துவிடப்பட்டது. அதன் பின்னர் ஆசிரியர் அறையிலும், கோயில் வீதியிலும், திருமண வீட்டிலும் இதே பேச்சாயிற்று. பழைய மாணவர் கூடுமிடத்தில், “ஹைபிரிட் எடுக்கலாமா, சேர்?” என்று என்னையே கேட்பாரும் உளர்.

இதற்கு விடை கூறுதல் தமிழாசிரியன் தொழிலோ என்று சிலர் நகைக்கலாம். இயந்திரத்தின் நுட்பம் பொறியியலாளர்க்கு உரியது. வாங்குவதா, விடுவதா என்னும் தெளிவோ வாழ்க்கை நடத்தும் எல்லார்க்கும் உரியது. ஒரு வினையைத் தொடங்குமுன் அதனால் கையைவிட்டுக் கழிவது எது, கிடைப்பது எது, பின்னர்த் தொடர்ந்து வரும் பயன் எது என மூன்றையும் எண்ணுக என்பதே வள்ளுவர் தெரிந்துசெயல்வகை அதிகாரத்தின் தொடக்கத்தில் வகுத்த முறை. அம்முறையையே ஈண்டும் கைக்கொள்வோம்.

என் துணிபை முதலிலேயே கூறிவிடுகின்றேன். மன்னாரில் வாழ்ந்து, பெரும்பாலும் மன்னாருக்குள்ளேயே ஓடுவோர், ஹைபிரிட் என்னும் பெயருக்காகக் கூடுதற் பணத்தைக் கடனாகப் பெற்றுக் கொடுத்தல் ஊதியம் தராது. நாள்தோறும் நெடுந்தூரம் ஓடுவோர்க்கு அது தக்கது. விலையில் வேறுபாடு சிறிதாயின் ஏனையோர்க்கும் தக்கதாகலாம். இதற்கான காரணங்களை முறையே காண்போம்.

ஹைபிரிட் வண்டி எங்ஙனம் பெற்றோலை மிச்சப்படுத்துகின்றது? சாதாரண வண்டியிலே பிரேக்கை மிதிக்குந்தோறும் ஓட்டத்தின் ஆற்றல் வெப்பமாகி வீணாகின்றது. ஹைபிரிட் வண்டியோ அவ்வாற்றலில் ஒரு பகுதியை மின்சாரமாக்கிப் பற்றரியிற் சேர்த்து, மீண்டும் புறப்படும்போது மின்மோட்டாருக்குக் கொடுக்கின்றது. மெல்ல ஊர்ந்து செல்லும்போதும் நிற்கும்போதும் பெற்றோல் எஞ்சின் ஓய்ந்திருக்கும். 1997ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் ரொயோட்டா நிறுவனத்தின் ‘பிரியஸ்’ வெளிவந்த காலந்தொட்டு இதுவே இவ்வகை வண்டிகளின் அடிப்படை. ஆகவே நின்று நின்று செல்லும் நெரிசலே ஹைபிரிட் வண்டியின் விளைநிலம் என்க. கொழும்புக் காலி வீதியிலே மாலை வேளையில் அகப்பட்டவர்க்கு அதன் அருமை விளங்கும்.

நம் வீதிகளின் இயல்பு வேறு. தலைமன்னாரிலிருந்து மதவாச்சி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையும், பூநகரி வழியாக யாழ்ப்பாணம் செல்லும் கரையோரச் சாலையும் பெரும்பாலும் சமதரையிலே நேராக நீள்வன. அவற்றிலே நம்மை நிறுத்துவன பெரும்பாலும் மாடுகளும், நமது தீவுக்கே பேர்போன கழுதைகளுமேயாம். சீரான வேகத்தில் ஓடும்போது சாதாரண வண்டியும் பெற்றோலைச் சிக்கனமாகவே செலவிடும். பிரேக்கினின்று மீட்பதற்கு ஆற்றல் அதிகம் இராது. எனவே நகரத்தார் கூறும் மிச்சக் கணக்கை அப்படியே நம்மூருக்குக் கொண்டுவருதல் பொருந்தாது.

இனிக் கணக்குக்கு வருவோம். 2025ஆம் ஆண்டில் பெற்றோல் லீற்றர் ஒன்று 300 ரூபா அளவில் விற்றது. சாதாரண எஸ்.யூ.வி. ஒன்று லீற்றருக்கு 12 கிலோமீற்றரும், ஹைபிரிட் 20 கிலோமீற்றரும் ஓடும் எனக் கொள்வோம். முன்னதற்குக் கிலோமீற்றர் ஒன்றுக்கு 25 ரூபா. பின்னதற்கு 15 ரூபா. மிச்சம் 10 ரூபா. இரண்டு வண்டிகளுக்கும் இடையே விலை வேறுபாடு 20 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொண்டால், அதனை மீட்பதற்கு 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடவேண்டும். மன்னார் நகரத்திலிருந்து தலைமன்னாருக்குப் போய்வர ஏறக்குறைய 60 கிலோமீற்றர். அப்படியாயின் 3,300 தடவைக்குமேற் போய்வர வேண்டும்!

மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடுபவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பாடசாலைக்கும் கந்தோருக்கும் சந்தைக்கும் போய்வந்து, இடையிடையே திருக்கேதீச்சரத்துக்கும் சென்று வருவோர்க்கு இத்தூரம் போதும். அவர் ஆண்டொன்றில் மிச்சம் பிடிப்பது 1,20,000 ரூபா. அந்த 20 இலட்சமும் நூற்றுக்கு 12 வட்டிக்கு வாங்கிய கடனாயின், முதலாண்டு வட்டி மட்டும் 2,40,000 ரூபா. மிச்சத்தைப்போல் இருமடங்கு வட்டி! பெற்றோல் விலை ஏறினால் என் செய்வது என்று கேட்பீராயின், அதனையும் பார்ப்போம். 2022ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் 470 ரூபாவாயிற்று. அந்த விலையே நிலைத்தாலும் அவருடைய ஆண்டு மிச்சம் 1,88,000 ரூபாவே. அப்பொழுதும் வட்டியை எட்டவில்லை.

மற்றொருவர் தொழில்நிமித்தம் வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓயாது சென்றுவருபவர். மாதம் 3,000 கிலோமீற்றர் ஓடுபவர். அவருடைய மிச்சம் ஆண்டுக்கு 3,60,000 ரூபா. முதலாண்டு வட்டி போக 1,20,000 ரூபா அவர் கையில் நிற்கும். அவர் வாங்குதல் தகும். ஒரே வண்டி ஒருவர்க்கு ஊதியமும் மற்றவர்க்கு நட்டமும் ஆதலை இங்கே காண்கின்றோம். இவ்வெண்கள் எடுத்துக்காட்டே, அவரவர் தத்தம் ஓட்டத்தையும், கேட்டறிந்த விலையையும் இட்டுப் பார்த்தல் வேண்டும். நம் நாட்டில் வரி எஞ்சினின் கொள்ளளவையும் வகையையும் பொறுத்து மாறுவதால், சில வேளைகளில் ஹைபிரிட்டுக்கும் சாதாரண வண்டிக்கும் விலை நெருங்கி வருவதும் உண்டு. அவ்வேளையில் விடையும் மாறும்.

ஹைபிரிட் பக்கத்து நியாயம் ஒன்றையும் மறைத்தல் கூடாது. 2022ஆம் ஆண்டு நாம் பட்ட பாட்டை மறந்தவர் இலர். கியூ.ஆர். முறையில் காரொன்றுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் எனப் பங்கீடு தொடங்கியபோது, மேற்கூறிய சாதாரண வண்டி அதனைக்கொண்டு 240 கிலோமீற்றர் ஓடும். ஹைபிரிட் 400 கிலோமீற்றர் ஓடும். மன்னாரிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்குச் சற்று மேல். நோயாளி ஒருவரைக் கொழும்புக்குக் கொண்டுசெல்ல வேண்டிய குடும்பத்துக்கு அவ்வேறுபாடு பணத்தால் அளக்கத்தக்கதன்று. எரிபொருள் கிடையாத காலத்துக்கு அஞ்சி ஒருவர் ஹைபிரிட்டை விரும்புவாராயின், அவ்விருப்பத்தை நான் பழியேன். ஆனால் அது மிச்சம் பிடிப்பதற்கான செலவன்று, காவலுக்கான செலவு என்பதை அவர் உணர்ந்து செய்தல் வேண்டும்.

மின்சாரத்தால் ஓடுகிறது, ஆகையால் காற்றைக் கெடுக்காது என்பாரும் உளர். சாதாரண ஹைபிரிட் வண்டியை வீட்டு மின்சாரத்தில் இணைத்துச் சக்தியூட்டுதல் இயலாது. அதன் பற்றரியிற் சேரும் மின்சாரம் அனைத்தும் முடிவிலே பெற்றோலினின்று பிறந்ததே. நமது தீவின் தென்கரையிலே 2020ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட ‘தம்பபவனி’க் காற்றாலைகள் 100 மெகாவாற்று மின்னாற்றல் தரவல்லவை. அக்காற்றிலிருந்து பிறக்கும் மின்சாரத்தில் ஒரு துளியும் இவ்வண்டிக்குள் புகுவதில்லை. பெற்றோல் குறைவாக எரிவதால் புகையும் குறைகின்றது என்பது மெய். அதற்குமேற் பெருமை கூறுதல் மிகை. அன்றியும், ஹைபிரிட் என்னும் பெயர் பொறித்தவை யாவும் ஓரினமல்ல. சிலவற்றில் மின்மோட்டார் வண்டியைத் தானே இழுக்கும். சிலவற்றில் எஞ்சினுக்குச் சிறிது கைகொடுப்பதோடு அமையும். பின்னவற்றின் மிச்சம் மிகச் சிறிது. பெயரைக் கண்டு விலை கொடாது வகையைக் கேட்டறிக.

உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். மாரிகாலத்தில் வெள்ளம் தேங்கும் ஒழுங்கைகளும், மணல் பரந்த கரையோரங்களும் நமக்கு உண்டு. அங்கே உயர்ந்த வண்டி உதவும் என்பதில் ஐயமில்லை. எனினும் உயரம் வேறு, வலிமை வேறு. இக்காலத்துச் சிறிய எஸ்.யூ.வி.களுட் பல முன்சக்கரங்கள் இரண்டினால் மட்டுமே இயங்குவன. மணலிற் புதைந்தால் அவையும் சாதாரணக் காரைப் போலவே தள்ளுவாரை வேண்டி நிற்கும். வெள்ளமோ உயர்மின்னழுத்தப் பற்றரியை உடைய வண்டிக்கு மிகுந்த கேடு.

பழைய ஹைபிரிட் வண்டியை வாங்குவோர் பற்றரியின் நிலையை முதலில் ஆராய்தல் வேண்டும். வெப்பம் பற்றரிக்குப் பகை. பல வண்டிகளிலே அதனைக் குளிர்விக்கும் காற்று பின்னிருக்கையருகே உள்ள துவாரத்தின் வழியே புகுகின்றது. நம் மணற்றூசி அதனை அடைத்துவிடின் பற்றரி விரைவில் நலிவடையும். மாற்றுவதாயின் செலவு இலட்சக்கணக்கில் வரும். உப்பங்காற்று அடித்தகட்டை அரிப்பதும் நாம் நாள்தோறும் காண்பதே. உரிய பரிசோதனைக் கருவியும் பயிற்சி பெற்ற கைகளும் எங்கே உள்ளன, அங்கே செல்ல எத்தனை நாள் வேண்டும் என்பவற்றை வாங்குமுன் விசாரித்தல் நன்று.

கழிவதையும் கிடைப்பதையும் கண்டோம். பின்னர்த் தொடர்ந்து வரும் பயன் யாது? “வண்டி ஒரு சொத்து, வாங்கிய விலைக்குமேல் விற்கலாம்” என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியுள்ளது. 2020 முதல் 2025 வரை பழைய வண்டிகளின் விலை ஏறியது உண்மை. அது வண்டியின் சிறப்பால் வந்த ஏற்றமன்று. புதியவை வரும் வழி அடைபட்டதாலும், 2022இல் ரூபாவின் மதிப்பு வீழ்ந்ததாலும் வந்தது. ஐந்தாண்டு நடந்த புதுமையை என்றும் நடக்கும் நியதியாகக் கொள்ளுதல் பேதைமை. உலகெங்கும் வண்டி ஓட ஓட விலை குறைவதே இயல்பு.

இவை யாவற்றினும் எனக்குக் கவலை தருவது இளைஞர் படும் கடன். லீசிங் முறையில் 60 இலட்சம் ரூபாவை நூற்றுக்கு 12 வட்டிக்கு ஐந்தாண்டுத் தவணையில் எடுப்பவர், மாதந்தோறும் ஏறக்குறைய 1,33,000 ரூபா கட்டவேண்டும். அது தமது சம்பளத்துள் அடங்குமா என்பதை இம்மலரைப் படிக்கும் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் நன்கறிவர். தவணை தவறினால் வண்டியும் போகும், கட்டிய பணமும் போகும். கடல் கடந்து உழைக்கும் அண்ணன் தம்பியரிடம் இதற்காகக் கையேந்துவோரும் உளர். குளிரிலும் இரவிலும் உழைத்த அப்பணம் ஊரார் கண்ணுக்குக் காட்சியாதற்கு உரியதன்று. இன்னும் கொடிது, மணப்பெண்ணின் தந்தையிடம் சீதனமாக வண்டி கேட்டல். கேட்பவர்க்கு அது பெற்றோலை மிச்சப்படுத்தும் வண்டி. கொடுப்பவர்க்கோ காணியையும் நகையையும் விற்ற வண்டி. நம் கல்லூரியிற் கற்றோர் எவரும் இவ்வழக்கத்துக்குத் துணைபோதல் ஆகாது.

ஆதலின் வாங்க எண்ணுவோர் மூன்று வினாக்களைத் தம்முள் எழுப்புக. ஆண்டுக்கு எத்தனை கிலோமீற்றர் உண்மையாக ஓடுகின்றேன்? ஹைபிரிட்டுக்காக நான் கூடுதலாகக் கொடுக்கும் தொகைக்கு ஆண்டு வட்டி எவ்வளவு? கிலோமீற்றருக்குப் பத்து ரூபா மிச்சமானால் அவ்வட்டியேனும் அடையுமா? மேற்கூறிய கணக்கின்படி, ஆண்டுக்கு 24,000 கிலோமீற்றர் ஓடினாற்றான் வட்டிக்கும் மிச்சத்துக்கும் சரியாகும். அதற்குக் கீழே ஓடுவோர், சிறிய பெற்றோல் கார் ஒன்றையோ, உள்ள மோட்டார்ச் சைக்கிளையோ கொண்டு அமைதல் நன்று. ஆண்டிலே நாலைந்து நெடும்பயணங்களுக்கு வாடகை வானும், பேருந்தும் உண்டு. கைப்பணம் உடையவரும் நெடுந்தூரம் ஓடுபவரும் தயங்காது ஹைபிரிட்டை வாங்குக.

வண்டி வாங்கியவர் உயர்ந்தவர், வாங்காதவர் தாழ்ந்தவர் என்னும் மயக்கம் நம் கல்லூரி வாயிலுக்குள் நுழையாதிருக்கட்டும். சைக்கிளில் வந்து நமக்கு எழுத்தறிவித்த ஆசிரியர்களை நாம் அவர்களுடைய வண்டியைக் கொண்டா மதித்தோம்? பழைய மாணவர்களே, இவ்விழாவுக்கு எவ்வண்டியில் வரினும் வருக; கடனற்ற மனத்தோடு வருக.